இறெம்பிராண்டு கீறிய நாய்கள்

மதுரங்குளியிலிருந்து வடக்கே சென்று, பாலாவியில் இடப்புறந் திரும்பினால், வழி கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டையைச் சென்றடையும். 1667 இல் தொடங்கி 1676 இல் முடிந்த கோட்டை அது. அதன் சுவர்கள் எழுந்துகொண்டிருந்த 1669 ஆம் ஆண்டிலேதான், ஒல்லாந்தரின் நகராகிய அம்ஸ்ரடாமில், இறெம்பிராண்டு என்னும் ஓவியர் வறியவராய் உயிர்நீத்தார். மாணவரைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லுந்தோறும் எனக்கு அவர் நினைவு வரும். அவர் கீறிய நாய்களும் உடன் வரும்.

லெய்டன் நகரில் மாவாலைக்காரர் ஒருவரின் மகனாய் 1606 இற் பிறந்தவர் அவர். இருபத்தைந்து வயதளவில் அம்ஸ்ரடாமிற் குடியேறினார். 1634 இற் சாஸ்கியாவை மணந்தார். 1639 இற் பெருவீடு வாங்கினார். வண்ண ஓவியத்தோடு, செப்புத்தகட்டில் மெழுகு பூசி, ஊசியாற் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவிக் கடதாசியிற் பதித்தெடுக்கும் கலையிலும் வல்லவரானார்.

அந்நாளைய ஐரோப்பியப் படங்களிலே நாய் எசமானின் தகுதியைச் சொல்லவந்த பிராணி. வேட்டை பெரிதும் உயர்குடியினரின் உரிமையாதலின், பிரபுவின் அருகே நிற்கும் வேட்டைநாய் அவர் குடிப்பிறப்புக்குச் சான்று. சீமாட்டியின் மடியிலிருக்கும் குட்டிநாய் செல்வத்துக்கோ கற்புக்கோ அடையாளம்.

இறெம்பிராண்டின் தகடுகளிலோ பெரும்பாலும் தெருநாய்கள். 1633 இல் அவர் பதித்த நல்ல சமாரியன் படத்தில், அடிபட்டவனைச் சத்திர வாயிலிற் குதிரையினின்று இறக்குகின்றனர். முன்னே ஒரு நாய் மலங்கழிக்கின்றது. சுவைஞர் சிலர் முகஞ்சுளித்தனர். யானும் முதலிற் சுளித்தவனே. பின்னரே, அறம் நிகழும் வாயிலிலும் உலகம் தன் அலுவலைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். 1640 அளவிற் கீறிய உறங்கும் நாய்க்கு எசமானே இல்லை. தகட்டையும் வெட்டிச் சிறிதாக்கி, நாயை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

நாயின் நட்பை யானையினும் உயர்த்தியது நம் நாலடியார். தம்மைத் தாழ்த்த நாயேன் என்றார் மணிவாசகர். ஒரே பிராணிக்கு இரு நிலை!

1642 இல் மனைவி மறைந்தார். கடன் பெருகிற்று. 1651 இல் அவர் கீறிய படத்திலே, நெடும்பயணஞ் சென்ற மகன் மீளும் அரவங் கேட்டுக் குருட்டுத் தந்தை தோபித்து எழுகின்றார். கதவிருக்கும் இடந்தவறிச் சுவரைத் தடவுகின்றார். மகனுக்கு முன்னே ஓடிவந்த நாய் அவர் காலடியிற் குழைகின்றது. இப்படத்தை மட்டும் என்னால் நெடுநேரம் பார்க்க இயல்வதில்லை.

1656 இல் அவர் கடனிறுக்க இயலாதவராயினார். சேர்த்த பொருளெல்லாம் ஏலம் போயின, வீடும் போயிற்று. 1668 இல் மகன் தீத்துஸ் இறந்தான். மறு ஆண்டு தந்தையையும் அதே தேவாலயத்தில், பெயர் பொறியாத குழியில் அடக்கினர். செப்புத்தகடுகள் பல தப்பிக் கிடந்தன; நூறாண்டு கழிந்த பின்னும் பிறர் அவற்றில் மை தடவிப் படமெடுத்து விற்றனர்.