யார் இந்த கேரி கைகாக்ஸ்? கதை சொல்ல ஆள் தேடிய ஆட்டக்காரர்

வேப்பூர் பக்கம் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியங்காரனைத் தெரியும். வேஷக்காரர்களை அறிமுகப்படுத்தி, கதையை நகர்த்துவது அவர்தான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்கும் அப்படி ஒருத்தர் வேணும். அவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டுவார்கள். அவர் இல்லேன்னா ஆட்டமே இல்லை.

அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் கேரி கைகாக்ஸ். 1938-ல் சிகாகோவில் பிறந்தவர். போர் விளையாட்டுப் பைத்தியம். கூட ஆட ஆள் சேர்க்க, 1968-ல் தன் ஊரான லேக் ஜெனீவாவில் ‘ஜென் கான்’ கூட்டத்தைத் தொடங்கினார். 1970-ல் இன்சூரன்ஸ் வேலை போச்சு. வீட்டிலேயே செருப்பு தைத்துக் குடும்பத்தை ஓட்டினார்.

டேவ் ஆர்னசன் ஆடிக்காட்டிய புதுவகை ஆட்டத்தை, அவரோடு சேர்ந்து விதிகளாக எழுதினார். நண்பர் டான் கேயுடன் 1973-ல் சொந்தக் கம்பெனி. மறுவருஷம் முதல் 1,000 பெட்டிகள் வந்தன.

சிக்கல் என்னன்னா, புதுசா வர்றவங்களுக்கு அந்த விதிகள் புரியவில்லை. தெரிந்தவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக்காட்ட வேண்டியிருந்தது. தொடக்கக்காரர்களுக்கான பெட்டி 1977-ல்தான் வந்தது. அதைத் தொகுத்தது கைகாக்ஸ்கூட இல்லை, எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் பேராசிரியர்! விளையாட்டைப் பரப்பியதில் அந்தப் பெட்டிக்குப் பெரிய பங்குண்டு.

1985-ல் கம்பெனி கைகாக்ஸின் கையைவிட்டுப் போனது. 2008 மார்ச் 4-ல் இறந்தார். உடம்பு தளர்ந்தபிறகும் அந்த ஜனவரி வரை வாராவாரம் வீட்டில் ஆட்டம் நடத்தினார்.