மண்ணை மறவாத விண்ணறிஞர் விக்ரம் சாராபாய்

செல்வத்திற் பிறந்தோர் பலர். அறிவிற் சிறந்தோர் சிலர். பெற்ற செல்வத்தையும் கற்ற அறிவையும் ஏழையின் குடிசைவரை கொண்டுசெல்ல முயன்றோர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கு வித்திட்ட டாக்டர் விக்ரம் சாராபாய் அவர்கள்.

அன்னார் 1919ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் நாள் அகமதாபாத்தில், பஞ்சாலை நடத்திய செல்வக் குடும்பத்திற் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் கற்று வருகையில் உலகப் போர் மூளவே தாயகம் மீண்டு, பெங்களூரிற் சர் சி. வி. இராமனின் வழிகாட்டலில் அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். 1942இல், சென்னை வழக்கறிஞர் ஒருவரின் புதல்வியும் பரதக் கலைச்செல்வியுமாகிய மிருணாளினியை மணந்தார். 1947இற் கேம்பிரிட்ஜிற் கலாநிதிப் பட்டம் பெற்று, அவ்வாண்டே அகமதாபாத்திற் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார்.

1957இற் சோவியத் நாடு முதற் செய்மதியை ஏவி உலகை வியப்பில் ஆழ்த்தியது. 1962இல் இந்தியா அமைத்த விண்வெளி ஆராய்ச்சிக் குழுவுக்குச் சாராபாய் தலைவரானார். றொக்கற் ஏவுவதற்குக் கேரளக் கரையிலுள்ள தும்பா என்னும் மீனவர் ஊர் தெரிவாயிற்று. பூமியின் காந்த நடுக்கோடு அதனருகே செல்வதாற் வாயுமண்டலத்தின் மேற்பகுதியை ஆராய அவ்விடம் ஏற்றதாயிருந்தது. அவ்வூரார் தம் நிலத்தையும் தேவாலயத்தையும் விட்டுக்கொடுத்தனர், தேவாலயமே அலுவலகமாயிற்று. றொக்கற்றின் பாகங்கள் துவிச்சக்கர வண்டியிலும் கொண்டுசெல்லப்பட்டன. 1963 நவெம்பர் 21ஆம் நாள், அமெரிக்கா அளித்த சிறு றொக்கற் ஒன்று அங்கிருந்து வானேறியது.

செய்மதி ஏன் விழுவதில்லை என்று மாணவர் வினவுவதுண்டு. நமுனுகுல மலையுச்சியினின்று ஒரு கல்லை எறிவதாகக் கொள்வோம். வேகம் கூடக்கூட அது தொலைவிற் சென்று விழும். காற்றுத் தடையில்லாத உயரத்தில், செக்கனுக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்தால், கல் விழுந்துகொண்டே இருக்கும். உருண்டையான பூமியும் அதன்கீழ் வளைந்துகொண்டே செல்லும். ஆகவே அது நிலத்தைத் தொடாது பூமியைச் சுற்றிவரும். அவ்வேகத்தை ஊட்டுவதே றொக்கற்றின் பணி. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதி, பூமி தன்னைத்தான் சுற்றும் அதே காலத்தில் ஒருமுறை சுற்றுவதால், வானில் ஓரிடத்தில் நிற்பதுபோற் தோன்றும்.

அவ்வாறு நிற்கும் செய்மதியைக் கிராமந்தோறும் பாடஞ் சொல்லும் ஆசிரியராக்கலாம் எனச் சாராபாய் எண்ணினார். வறிய நாட்டுக்கு இவ்வீண் செலவு ஏன் எனக் கேட்டோர் பலர். வல்லரசுகளோடு போட்டியிடுவது தம் நோக்கமன்று என்பதும், மக்கள் குறைகளைத் தீர்க்க உயர்ந்த விஞ்ஞானத்தைக் கையாள்வதில் நாடு பின்தங்கலாகாது என்பதுமே அவருடைய விடை. 1966இல் அணுசக்திப் பொறுப்பும் அவர் தோளில் ஏறியது. 1969இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. கிராமக் கல்விக்காக அமெரிக்கச் செய்மதி ஒன்றைப் பயன்படுத்தும் உடன்பாடும் அவ்வாண்டே கைச்சாத்தாயிற்று.

பயிரிட்டவர் விளைவைக் காணவில்லை. 1971 டிசெம்பர் 30ஆம் நாள், தும்பாவிலிருந்து அதிக தொலைவில்லாத கோவளத்தில், 52ஆம் வயதிற் காலமானார். 1975இல் இந்தியாவின் முதற் செய்மதி ஆரியபட்டா வானேறியது. அவ்வாண்டே 2,400 கிராமங்களில் வானிலிருந்து வந்த பாடங்களை உழவர் கண்டனர். 2023 ஓகஸ்ட் 23ஆம் நாள் சந்திரனின் தென்துருவப் பகுதியில் இறங்கிய கலம் விக்ரம் என்னும் அவர் பெயரையே தாங்கியது.

இவ்வரலாறு ஊவா மலைநாட்டார்க்கு அயலானதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயன்கள் புதையுண்டதை நாம் மறவோம். இன்று மழைமேகத்தின் வரவைச் செய்மதி காட்டும். ஆயினும் அச்செய்தி கடைசி லயனின் கதவைத் தட்டாவிடிற் பயன் யாது? வானிற் செய்மதியை நிறுத்துவது பாதி வேலை; அதன் பயனை வறியவன் வாசலிற் சேர்ப்பது மறுபாதி. அம்மறுபாதியைச் செய்ய இக்கல்லூரி மாணவர் முன்வருவாராயின், அதுவே சாராபாய்க்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.