சாயம் கண்ட பெர்க்கின்

கரிம வேதியியல் செய்முறை வகுப்பில் விளைபொருளை எடை போடும் வேளையில் எங்கள் முகங்களைப் பார்க்க வேண்டும்! கணக்குப்படி 10 கிராம் வரவேண்டிய இடத்தில் 4 கிராம் வந்திருக்கும். மீதி, தார் போலக் குடுவையின் அடியில் ஒட்டியிருக்கும். அத்தகைய கறுப்புக்குள் ஒரு தொழிலையே கண்டெடுத்தவர் வில்லியம் ஹென்றி பெர்க்கின்.

1838 இல் இலண்டனில் பிறந்த இவர், 15 வயதில் அரச வேதியியல் கல்லூரியில் சேர்ந்து ஹாஃப்மன் என்ற ஜெர்மானியப் பேராசிரியரிடம் பயின்றார். மலேரியாவுக்கு மருந்தான குயினைனைச் செயற்கையாகச் செய்ய வேண்டும் என்பது ஆசிரியரின் கனவு. 1856 ஈஸ்டர் விடுமுறையில், 18 வயது மாணவர் தம் வீட்டிலேயே அதை முயன்றார். அல்லைல் டொலுயிடினைப் பொட்டாசியம் டைகுரோமேட்டால் ஆக்சிஜனேற்றம் செய்தால் அணுக்களின் எண்ணிக்கை சரியாக வரும் என்பது கணக்கு. மூலக்கூறின் அமைப்பை எவரும் அறியாத காலம் அது! செம்பழுப்பு வீழ்படிவுதான் வந்தது. அனிலீனைக் கொண்டு செய்தபோது வந்தது கறுப்பு. அதைக் கொட்டிவிடாமல் உலர்த்தி ஆல்கஹாலில் கரைத்தார். கரைசல் ஊதாவாக நின்றது.

சாயமோ நூற்றுக்கு 5 பங்கு அளவே தேறியது. துணிக்குச் சாயமேற்றுவோரின் கவலை விலையைப் பற்றியது. பென்சீனை நைட்ரோபென்சீனாக்கி, அதை அனிலீனாக்கி, அதன் பிறகே சாயம். முதல் இரு படிகளிலும் நூற்றுக்கு 80 கிடைப்பதாகவே கொள்வோம், 64 ஆயிற்று. மூன்றாவதில் 5 என்றால் மிஞ்சுவது 3 சொச்சம். இந்த 3 சொச்சத்தை நம்பித்தான் தந்தை தம் சேமிப்பைக் கொடுத்தார். தமையனும் உடன் நிற்க, 1857 இல் கிரீன்ஃபோர்டில் ஆலை எழுந்தது. வீரியமான நைட்ரிக் அமிலம் கிடைக்காமல் சிலி வெடியுப்பையும் கந்தக அமிலத்தையும் கொண்டு சமாளித்தார்கள். சிறிதளவு சாயமே பட்டில் ஆழ்ந்து பிடித்ததால் தொழில் பிழைத்தது. இன்னொரு வேடிக்கை: அந்த அனிலீனில் டொலுயிடின் கலந்திருந்தது. அனிலீன் தூய்மையாக இருந்திருந்தால் அந்த ஊதாவே வந்திராது!

1869 இல் ஆந்திரசீனிலிருந்து அலிசரின் என்னும் சிவப்புச் சாயத்தை மலிவாகச் செய்யும் வழி கண்டார். ஜெர்மானியர் ஒரே ஒரு நாள் முந்திக்கொண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தனர். இங்கேதான் நம் கடற்கரை இக்கதைக்குள் வருகிறது. இராமேஸ்வரம் தீவிலும் கடலுக்கு அப்பால் மன்னாரிலும் மணலைத் தோண்டி எடுத்த இம்பூரல் வேரில், அதாவது சாயவேரில், இருப்பதும் அலிசரின்தான். மதுரைச் சாயக்காரர்கள் துணிக்குச் சிவப்பேற்றியது இவ்வேரைக் கொண்டே. ஆலைச் சாயம் மலிவாக வந்திறங்கியதும் வேர் தோண்டும் தொழில் படுத்தது. பெர்க்கினைப் போற்றும் நம் பாடநூல்களில் அந்த வேர் தோண்டிகளுக்கு ஒரு வரி கூட இல்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

1874 இல், 36 வயதில், ஆலையை விற்றுவிட்டு பெர்க்கின் ஆய்வுக்கூடத்துக்கே திரும்பினார். சின்னமிக் அமிலம் தயாரிக்கும் வினையை நாம் இன்றும் அவர் பெயராலேயே படிக்கிறோம். 1906 இல் சர் பட்டம் பெற்று, மறு ஆண்டு மறைந்தார். தேடிப் புறப்பட்ட குயினைன் மட்டும் அவர் ஆயுளில் எவருக்கும் கைகூடவில்லை.