ஒரு பெயர், மூன்று கப்பல்கள்

நார்வே கடற்படையில் 2006-ஆம் ஆண்டு சேர்ந்த போர்க்கப்பலின் பெயர் பிரிட்ஜோஃப் நான்சென். 2020-இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய துருவப் பயணக் கப்பலுக்கும் அதே பெயர்தான். ஐ.நா. கொடியுடன் மீன்வள ஆய்வு நடத்தும் கப்பலும் அப்பெயரையே தாங்கியிருக்கிறது. இலங்கைக் கடற்பகுதியை 2018-இல் ஆராய்ந்தது அக்கப்பலே.

பெயர் ஒன்றானாலும் குழப்பமில்லை. வணிகக் கப்பல்களுக்குத் தனித்தனியே ஏழு இலக்க எண் உண்டு; ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு நாட்டின் கொடியும் உண்டு. கொடியற்ற கப்பலுக்குக் கடலில் பாதுகாப்பு இல்லை. மனிதருக்கும் இதுவே விதி என்பதை உலகுக்கு உணர்த்தியவர் நான்சென். அவர் பெயரைக் கப்பல்கள் சுமப்பதில் நான் காணும் பொருத்தம் அதுதான்.

1861-இல் பிறந்த அவர் விலங்கியல் அறிஞர். நரம்பு மண்டல ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்ற 1888-ஆம் ஆண்டிலேயே, ஐந்து தோழர்களுடன் பனிச்சறுக்குக் கட்டைகளில் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தார். 1893-இல் ஃப்ராம் என்னும் கப்பலை வேண்டுமென்றே உறைபனிக்குள் செலுத்தினார். பனி நெருக்கும்போது உடையாமல் மேலெழும்படி, உருண்டையான அடிப்பகுதியுடன் கட்டப்பட்ட கப்பல் அது. பனியோட்டம் அதைத் துருவத்தின் அருகே கொண்டுசெல்லும் என்பது அவர் கணக்கு. பின்னர் ஒரே ஒரு துணைவருடன் கப்பலை விட்டிறங்கி நடந்தார். 1895 ஏப்ரலில் வடக்கே 86 பாகை 14 கலை வரை சென்றார். துருவத்தை எட்டவில்லையாயினும், அதுவரை எவரும் அவ்வளவு தொலைவு சென்றதில்லை. 1896-இல் கப்பலில் சென்ற பதின்மூவரும் உயிருடன் திரும்பினர்.

அந்தப் புகழோடு நின்றிருந்தால் அவர் ஒரு சாகசக்காரர் மட்டுமே. முதல் உலகப் போருக்குப்பின் சர்வதேச சங்கம் அவரை அழைத்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகளைத் தாயகம் சேர்த்தார். 1921-இல் ரஷியப் பஞ்சத்துக்கு அவர் கேட்ட நிதியை அரசுகள் மறுத்தன, தனியாரிடம் கையேந்தினார். குடியுரிமை பறிக்கப்பட்ட ரஷிய அகதிகளுக்காக 1922-இல் நான்சென் கடவுச்சீட்டு பிறந்தது. பின்னர் ஆர்மீனியருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் அதை ஏற்றன. இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கியும் ஓவியர் சாகாலும் அதைப் பெற்றவர்களே. அவ்வாண்டே அமைதிக்கான நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது.

1930 மே மாதம் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அவர் பெயருடன் நீரில் இறக்கப்பட்ட கடற்படைக் கப்பல், பத்தாண்டுகள் கழித்து யான் மாயன் தீவருகே, வரைபடத்தில் இடம்பெறாத பாறையில் மோதி மூழ்கியது. ஆராய்வோர்க்கு இன்னும் வேலை மிச்சமிருக்கிறது என்பதையே அது காட்டியது.

போர்க்கப்பல் அவருக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொரு கேள்வி. தமிழகத்து முகாம்களிலேயே பிறந்து வளர்ந்தும் எந்த நாட்டின் குடிமக்களாகவும் ஆகாத இலங்கைத் தமிழர் பலர் இன்றும் இருக்கின்றனர். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இதுவரை இணையவில்லை. கப்பலுக்குப் பெயர் சூட்டிப் போற்றுவது எளிது. கொடியற்ற மனிதரின் கையில் ஓர் ஆவணத்தைக் கொடுப்பதே நான்செனுக்குச் செய்யும் உண்மையான மரியாதை.