கருங்காய்ச்சலை விரட்டிய டாக்டர் பிரம்மச்சாரி

கல்கத்தாவில் சியால்டா ரயில் நிலையத்திற்கு அருகே நீல்ரத்தன் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரு காலத்தில் அதற்குக் காம்ப்பெல் ஆஸ்பத்திரி என்று பெயர். அங்கே ஒரு சின்னஞ்சிறு அறையில் பிறந்த மருந்துதான் லட்சக்கணக்கான ஏழைகளின் உயிரைக் காத்தது. அதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி.

அவர் 1873 டிசம்பர் 19-ல் பீகாரில் உள்ள ஜமால்பூரில் பிறந்தார். 1862-ல் ஏற்பட்ட ரயில்வே ஒர்க்‌ஷாப்பினால் பெயர் பெற்ற ஊர் அது. தந்தையார் நீல்மணி பிரம்மச்சாரி, கிழக்கிந்திய ரயில்வேயில் டாக்டராக இருந்தார். ரயில்வே பள்ளியிலேயே படித்த மகன், பிறகு ஹூக்ளி கல்லூரியில் 1893-ல் பி.ஏ. தேறினார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ரசாயனத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அதன் பின்னரே வைத்தியப் படிப்பை முடித்து, 1902-ல் எம்.டி. ஆனார். டாக்காவில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்துவிட்டு, 1905-ல் காம்ப்பெல் வைத்தியப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் வங்காளம், அஸ்ஸாம், பீகார் மாகாணங்களில் ஒரு காய்ச்சல் கிராமம் கிராமமாக ஆட்களைக் கொண்டுபோயிற்று. பெரியவர்களோடு குழந்தைகளும் ஏராளமாக மாண்டனர். காய்ச்சல் விடும், மறுபடி வரும். சில நாட்களில் ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும். குழந்தை எலும்பும் தோலுமாக இளைக்கும், மண்ணீரல் வீங்கி வயிறு மட்டும் பானைபோல் முன்னே தள்ளும், மேனி கறுக்கும். இதனால் வட இந்தியாவில் காலா அசார் என்றும், தமிழில் கருங்காய்ச்சல் என்றும் பெயர் வந்தது. மலேரியா என்று எண்ணிப் பலர் கொயினா கொடுத்தார்கள். பலன் இல்லை. வைத்தியம் கிடைக்காதவர்களில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே.

நோயின் கிருமி தெரியவந்ததில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் லீஷ்மன் என்ற ராணுவ டாக்டர், டம்டமில் காய்ச்சல் கண்டு இறந்த சிப்பாயின் மண்ணீரலில் அதைக் கண்டு, 1903-ல் வெளியிட்டார். அதே ஆண்டு சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் டோனவன், அடிக்கடி காய்ச்சல் கண்ட 12 வயதுச் சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த ரத்தத்தில் அதையே கண்டார். உயிரோடிருக்கும் நோயாளியிடமே நோயை உறுதி செய்ய வழி பிறந்தது. கிருமிக்கும் இருவர் பெயருமே நிலைத்தன.

நோய் தெரிந்தது; மருந்துதான் சரியாக அமையவில்லை. ஆன்டிமனி என்னும் உலோகத்தின் உப்பை 1915 முதல் ஊசியாகப் போட்டார்கள். சிசிலித் தீவின் குழந்தைகளுக்கும் அதையே கொடுத்தார்கள். குணம் தெரிந்தாலும் வாந்தியும் இருமலும் வாட்டின. வைத்தியம் மாதக்கணக்கில் நீண்டது. கூலி வேலையை விட்டுவிட்டு ஓர் ஏழைத் தகப்பன் எத்தனை மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பான்? பாதியில் நின்றவர்கள் பலர்.

ரசாயனமும் வைத்தியமும் ஒருங்கே அறிந்த பிரம்மச்சாரி, நஞ்சு குறைந்த ஆன்டிமனி மருந்து ஒன்றைச் செய்ய முனைந்தார். அவருக்குக் கிடைத்த அறையில் காஸ் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, மின்விளக்கும் இல்லை. பகலில் மாணவர்களுக்குப் பாடமும் நோயாளிகளுக்கு வைத்தியமும்; இரவில் மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் ஆராய்ச்சி. 1920-ல் யூரியா ஸ்டிபமைன் உருவாயிற்று. மாதக்கணக்கில் நீண்ட சிகிச்சை சில வாரங்களில் முடிந்தது. முதல் நோயாளிகளின் விவரத்தை 1922-ல் வெளியிட்டார்.

ஆயினும் மருந்து ஊரெங்கும் பரவச் சில காலம் பிடித்தது. வங்கக் குழந்தைகளுக்காக வேடிக்கைப் பாடல்கள் எழுதிய சுகுமார் ராய், 1923 செப்டம்பரில் அதே கல்கத்தாவில் இந்தக் காய்ச்சலுக்கே இரையானார். வயது 35. அவருடைய ஒரே மகனுக்கு அப்போது இரண்டு வயது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற டைரக்டர் சத்யஜித் ராய்தான் அந்த மகன்.

பின்னர் அஸ்ஸாமில் அரசாங்கமே இம்மருந்தைக் கையாண்டு நோயை அடக்கியது. குணமான சிலருக்குப் பிற்பாடு தோலில் படைகள் தோன்றுவதையும் பிரம்மச்சாரி 1922-லேயே கண்டு எழுதினார். அவர்கள் மூலமும் நோய் பரவும் என்பது இன்று உறுதியாகியிருக்கிறது. 1934-ல் அவருக்கு சர் பட்டம் வந்தது. நோபல் பரிசுக்குப் பெயர் சிபாரிசு செய்யப்பட்டும் பரிசு வரவில்லை. 1946 பிப்ரவரி 6-ல் காலமானார்.

இன்று அவருடைய மருந்து வழக்கில் இல்லை. அதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. நோயும் மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்கப் பகுதிகளில் இருப்போர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பிள்ளையின் காய்ச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, மலேரியா மருந்துக்கும் கேட்காமல், வயிறும் வீங்கினால், கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் சில நிமிடங்களில் விஷயம் தெரிந்துவிடும். ரயில்வே டாக்டரின் மகன் புகை மண்டிய அறையில் பட்ட பாடு அப்போதுதான் வீண் போகாது.