ரசாயன அறிஞர் பென்டன்

புளியின் சுவையை அறியாத தமிழர் இலர். அச்சுவையைத் தரும் டார்டாரிக் அமிலத்தை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் ஒருவர், மருந்துக் கழிவால் கெட்ட நீரைத் தூய்மை செய்யும் முறைக்குத் தம்மை அறியாமலே வித்திட்டார். அவர் ஹென்றி ஜான் ஹார்ஸ்ட்மன் பென்டன் ஆவார். அவர்தம் சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

இவர் 1854ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் பிறந்தார்; கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் பயின்றார். 1876ஆம் ஆண்டில், டார்டாரிக் அமிலக் கரைசலில் சிறிது இரும்பு உப்பையும், புண் கழுவ உதவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் சேர்த்து, பின் காரம் கலந்தால் அழகிய ஊதா நிறம் தோன்றுவதைக் கண்டார். பிறர் வியந்து மறந்திருக்கக்கூடிய அந்நிறத்தை இவர் மறந்தாரில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1894இல், இரும்பின் துணையால் அவ்வமிலம் மாறும் வகையை விரிவாக வெளியிட்டார். 1899இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். 1924 வரை கேம்பிரிட்ஜில் ரசாயனம் கற்பித்து, 1929இல் காலமானார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அவ்வாண்டிலேயாம்.

அவர் கண்ட மாற்றத்தின் உட்பொருளை 1934இல் ஹேபர், வைஸ் என்னும் அறிஞர்கள் விளக்கினர். இரும்பு பெராக்ஸைடைப் பிளக்குங்கால் ஹைட்ராக்ஸில் ரேடிக்கல் என்னும் துணுக்கு பிறக்கின்றது. கணப்பொழுதும் வாழாத அது, எதிர்ப்பட்ட கரிமப் பொருள்கள் பெரும்பாலானவற்றைத் தாக்கிச் சிதைக்கும். எனினும் பென்டன் காலமாகிப் பல்லாண்டுகளுக்குப் பின்னரே இவ்வாற்றல் கழிவுநீரைச் சுத்தம் செய்யப் பயன்படலாயிற்று.

இதனால் நமக்கு வரும் பயன் யாது? கடலூரை அடுத்து உப்பனாற்றங்கரையில் அமைந்த சிப்காட் தொழிற்பேட்டையில் மருந்து ஆலைகளும் உள. மருந்துக் கழிவு எத்துணைக் கொடியதாகலாம் என்பதை ஹைதராபாத்தை அடுத்த பட்டஞ்செரு காட்டிற்று. அங்கே ஆலைக் கழிவைச் சுத்திகரித்து விட்ட நீரிலேயே, லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்ஸசின் இருந்ததாக 2007இல் வெளியான ஆய்வு கூறிற்று. அம்மருந்தை உண்ட நோயாளியின் இரத்தத்திற்கூட அவ்வளவு இராது. நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் செரிக்கும் வழக்கமான முறை, நுண்ணுயிரைக் கொல்லும் மருந்தினிடம் தோற்கின்றது. தப்பிய கிருமிகளோ மருந்துக்கு அஞ்சாத இனமாகப் பெருகக்கூடும். பின்னர் நம் குழந்தைகளின் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்தும் பயனற்றுப் போகும்.

பென்டன் முறையில், கழிவுநீரைப் புளிப்பாக்கி, அன்னபேதியும் பெராக்ஸைடும் இடுவர். வேலை முடிந்தபின் சுண்ணாம்பிட்டு இரும்பை அடியிற் படியச் செய்வர். சூரிய ஒளி இதற்குத் துணைபுரியும். ஆயினும் செலவு உண்டு. படிந்த சேற்றை அகற்றும் கவலையும் உண்டு. அரைகுறையாகச் சிதைந்த துண்டுகளும் நஞ்சாகலாம். ஆதலின் கழிவு ஆற்றிற் கலந்தபின் வருந்துவதினும், ஆலை வாயிலிலேயே அதனைச் சிதைத்து, நன்கு சோதித்து விடுவதே முறையாகும்.

தாம் கண்ட ஒரு சிறு நிறத்தின் காரணத்தைப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தும் மறவாது ஆராய்ந்து வெளியிட்டார் பென்டன். உப்பனாற்றையும் வெள்ளாற்றையும் நம்பி வாழும் மீனவர் குடும்பங்கள் பல. விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் அப்பொறுமையிற் சிறிதளவேனும் இவ்வாறுகளின் நீரை ஆராய்வதிற் செலுத்துவாராயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.