நம்பிக்கையைக் கட்டியெழுப்பியவர்: வைத்தியர் ஐடா ஸ்கடர்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளைக் காணும் இவ்வேளையில், நம்மிற் பலர் ஏதோ ஒரு குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறோம். சிலர் அதிபர்கள், சிலர் வங்கி முகாமையாளர்கள், சிலர் என்னைப்போல் வைத்தியசாலை விடுதியொன்றை நடத்துபவர்கள். தலைமைத்துவம் பற்றிய செயலமர்வுகளுக்கு இன்று குறைவில்லை. எனினும், ஒரு குழு தன் தலைவரை எதனால் நம்புகிறது என்ற கேள்விக்கு, வேலூர் வைத்தியசாலையை உருவாக்கிய ஐடா ஸ்கடரின் வாழ்க்கையிலேயே எனக்குத் தெளிவான விடை கிடைத்தது.

வேலூருக்குச் சிகிச்சைக்காகச் சென்றுவந்தவர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்மவரிடையே குறைவு. ஐடாவின் குடும்பத்துக்கும் நம் மண்ணோடு தொடர்பு உண்டு. அவரது பாட்டனார் வைத்தியர் ஜோன் ஸ்கடர் அமெரிக்க மிஷன் சார்பில் யாழ்ப்பாணத்துக்கு வந்து பண்டத்தரிப்பிற் பணியாற்றியவர். பின்னர் அக்குடும்பத்தின் பணி தென்னிந்தியாவுக்குப் பரவியது. ஐடா 1870 இல் இராணிப்பேட்டையிற் பிறந்தார்.

வைத்தியராகும் எண்ணம் அவருக்கு இளமையில் இருக்கவில்லை. அமெரிக்காவிற் படித்து அங்கேயே வாழ விரும்பிய அவர், தாயாரின் சுகவீனம் காரணமாக 1890 இல் திண்டிவனத்துக்கு வந்தார். ஓர் இரவில் மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக அவரிடம் வந்து, பிரசவ வேதனையில் இருந்த தத்தம் மனைவியருக்கு உதவி கேட்டார்கள். தந்தையார் வைத்தியர்தான், ஆனால் ஆண் வைத்தியர் வருவதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே ஐடாவின் வழியை மாற்றியது. 1899 இல் கோர்னெல் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு வேலூரிற் பணியைத் தொடங்கினார்.

வந்த சில மாதங்களில் தந்தையார் காலமானார். அனுபவம் குறைந்த இளம் பெண் வைத்தியரை நம்பிச் சனம் உடனே வந்துவிடவில்லை. வீட்டின் ஓர் அறையில் வைத்து, வந்த ஒரு சிலரைப் பார்த்தார். நியூயோர்க் வங்கியாளர் ஒருவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக வழங்கிய பத்தாயிரம் டொலரைக் கொண்டு, 1902 இல் 40 கட்டில்களுடன் மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை திறக்கப்பட்டது.

வைத்தியசாலைக்கு வரமுடியாதவர்களை அவரே தேடிச் சென்றார். வீதியோரத்து மரநிழலில் மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்து நோயாளரைப் பார்ப்பது வாராந்த வழக்கமாயிற்று. இங்கேதான் முதற் பாடம் இருக்கிறது. குறித்த நாளில் வருவார் என்றால் வருவார் என்ற உறுதியே கிராமத்தவரை அவரிடம் கொண்டுவந்தது. நம் விடுதிகளிலும் அப்படித்தான். காலையிற் சொன்ன நேரத்துக்கு விடுதிச் சுற்றுக்கு வரும் வைத்தியரைத் தாதியர் நம்புவார்கள். எப்போதாவது வந்து நீண்ட நேரம் அறிவுரை சொல்பவரை நம்பமாட்டார்கள்.

இரண்டாவது பாடம், தனியாளாக ஓடுவதால் பணி நிலைக்காது என்பதை அவர் வேளையோடு உணர்ந்தது. எத்தனை மணிநேரம் உழைத்தாலும் ஒருவருக்கு இரண்டு கைகள்தான். எனவே 1909 இல் தாதியர் பயிற்சிப் பாடசாலையை ஆரம்பித்தார். 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையைத் தொடங்க அனுமதி கேட்டபோது, போதிய மாணவிகள் சேர்வார்களா என்றே மேலதிகாரிகள் ஐயுற்றனர். விண்ணப்பித்தவர்களோ 151 பேர். வாடகைக் கட்டடமும் சொற்ப உபகரணங்களுமாகத் தொடங்கிய அப்பாடசாலையில் ஐடா தாமே வகுப்பெடுத்தார். ஆண்களே பெருமளவில் தவறும் பரீட்சையில் இப்பெண்கள் எப்படித் தேறுவார்கள் என்று பிறர் கேட்டபோதும், தம் மாணவிகள்மீது அவர் வைத்த நம்பிக்கை குறையவில்லை. 1922 இல் முதல் அணியிலிருந்து 14 பெண் வைத்தியர்கள் வெளியேறினார்கள். பிறர் நம்மை நம்பவேண்டுமானால், முதலில் நாம் அவர்களை நம்பவேண்டும். கனிஷ்ட வைத்தியரின் கையிற் சத்திரசிகிச்சைக் கத்தியைக் கொடுத்துவிட்டு அருகில் நிற்பது இலகுவன்று. ஆனால் வேறு வழியில் எவரும் வைத்தியராவதில்லை.

மூன்றாவது பாடமே மிகக் கடினமானது. 1930 களின் இறுதியில் மருத்துவக் கல்வி பட்டப்படிப்பாக உயரவேண்டும் என அரசு விதித்தது. அதற்குப் பெருந்தொகைப் பணமும் கூடுதற் பேராசிரியர்களும் தேவை. ஆண்களையும் சேர்த்தால் பல மிஷன்கள் துணைக்கு வரும். சேர்க்காவிடின் கல்லூரியே மூடப்படலாம். பெண்களுக்கென்றே தொடங்கிய கல்லூரி அது. நீண்டகாலம் தோள்கொடுத்த லூசி பீபொடி இம்மாற்றத்தை உறுதியாக எதிர்த்தார். ஐடாவோ நட்பையும் தம் பழைய எண்ணத்தையும்விடத் தம் மாணவிகளின் எதிர்காலத்தையே பெரிதாகக் கொண்டு, ஆண்களைச் சேர்க்க இணங்கினார். எழுபது வயதைக் கடந்த நிலையில் அமெரிக்காவிற் பணம் திரட்டினார். 1942 இற் பட்டப்படிப்பு ஆரம்பமாயிற்று. 1947 இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தனர்.

அதற்கு முந்திய ஆண்டே அவர் ஓய்வுபெற்றுவிட்டார். தாம் வளர்த்த நிறுவனத்தைப் பிறர் கையில் விட்டுக் கொடைக்கானலுக்குச் சென்றார். ஹில்டா லாசரஸ் அந்நிறுவனத்தின் முதல் இந்தியப் பணிப்பாளரானதை உயிரோடிருந்து கண்டார். 1960 இல், 89 ஆவது வயதில், ஐடா காலமானார். வேலூரோ இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அன்புச் சகோதரிகளே, நம் சங்கத்தை நூறு ஆண்டுகள் நடத்தியவர்களும் இதையே செய்தார்கள். கூட்டம் என்றால் வந்தார்கள், இளையவர்களிடம் பொறுப்புக் கொடுத்தார்கள், நேரம் வந்தபோது கதிரையை விட்டு எழுந்தார்கள். இப்போது அக்கதிரைகளில் நாம் இருக்கிறோம். நமக்குப் பின் அமரவேண்டியவரை இன்றே அருகில் இருத்திப் பழக்குவோம்.